கொலுவுக்கு முன் பூசும் புட்டி: ஈரச் சுவரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்தால் மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கத் தமிழ் வீடுகளில் பெயின்டரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கொலு வைப்பதற்குள் ஹால் சுவர் பளிச்சென்று ஆகிவிட வேண்டும். ஜூனிலிருந்து தண்ணீர் குடித்த சுவர் அதற்குள் காயாது. புதிதாக வீடு வாங்கியவர்கள் ஆண்டுதோறும் இதில்தான் பணத்தை விடுகிறார்கள்.

ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது

உரிந்த இடத்தைச் சுரண்டி, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் ஒரு கை, சுவரை வழவழப்பாக்கும் புட்டி மாவு இரண்டு கை, மேலே பெயின்ட். இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும், சுவரும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் எப்படியும் வெளியேறப் பார்க்கும். வரும்போது செங்கலிலும் சிமென்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். கோட்டிங் வழியை அடைத்துவிட்டதால் அதன் பின்னாலேயே உப்பு படிகமாகிப் பருத்து, புட்டியைத் தகடு தகடாகப் பெயர்த்துத் தள்ளும். பூச்சு ஜிப்சமாக இருந்தால் இன்னும் மோசம். நனைந்து நனைந்து மாவாகிவிடும்.

செம்பூரில் ஒரு வீட்டில் ஒரே சுவருக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தார்கள். தண்ணீர் வந்ததோ சுவருக்குப் பின்னால் இருந்த பாத்ரூமின் நஹானி ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் வாயை, சுற்றியிருந்த விரிசலிலிருந்து. ஒவ்வொரு முறையும் பெயின்டைத்தான் குறை சொன்னார்கள்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மழைக்கு மட்டும் கறை பெரிதானால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், சஜ்ஜா (ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் மழைத் தடுப்பு) ஆகியவற்றைப் பாருங்கள். ஏப்ரலிலும் அப்படியே இருந்தால் பைப் அல்லது பாத்ரூம். நஹானி ட்ராப்பைத் துணியால் அடைத்து, வாசல்படி தாண்டாமல் 25 மி.மீ. தண்ணீர் தேக்கி, மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கி, கறையும் பெருத்தால் தரையில்தான் கோளாறு. இறங்கவில்லை என்றால் பிளம்பரை வைத்துத் தண்ணீர் பைப்புக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்.

கசிவை நிறுத்திய பிறகு, கறை முடியும் இடத்துக்கு மேலும் 30 செ.மீ. தள்ளிப் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். மின்விசிறியை வைத்து, ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள். வாரக்கணக்கில் ஆகும், சில சுவருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால், தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். நின்றால் பூசாதீர்கள். ஈரம் அளக்கும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்: உப்பு இருக்கும் சுவரில் அது ஈரத்தைக் கூட்டிக் காட்டும்.

அதன்பின் 1:4 சிமென்ட் கலவையை (சிமென்ட் ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு) 12 முதல் 15 மி.மீ. கனத்துக்குப் பூசி, 7 நாள் தண்ணீர் காட்டி, மறுபடி நன்றாகக் காயவிட்டுத்தான் புட்டி. கொலுவுக்கு ஆகாதுதான். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டுப் படியை அடுக்குங்கள். பொம்மைகளுக்கு ஒரு குறையும் வராது.

ஈரத்தை மறைக்க ஜிப்சம் போர்டு அடிப்பது

போர்டின் காகிதம் பூஞ்சைக்குத் தீனி. பின்னால் காற்று ஓடாததால் வாடை வரும்வரை கெட்டது தெரியாது.

பச்சை போர்டு

பச்சைக் காகிதம் ஒட்டிய இந்த ஜிப்சம் போர்டு ஈரக்காற்றைத் தாங்கும். தண்ணீரைத் தாங்காது.

போர்டைத் தரையில் உட்கார வைப்பது

10 மி.மீ. இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் வீடு துடைக்கும் தண்ணீரையே உறிஞ்சும்.

ஏசி டிரெயின் பைப்பை மறப்பது

சுவருக்குள் சரிவில்லாமல் புதைத்த டிரெயின் பைப்பால், மழையே இல்லாத மே மாதத்திலும் சுவர் ஊறும். ஏசியை நான்கு நாள் ஓட்டாமல் பாருங்கள்.

சொசைட்டியிடம் (குடியிருப்போர் சங்கத்திடம்) கேட்காமல் செலவழிப்பது

மொட்டை மாடி, வெளிச்சுவர், பொது பைப் வழியாக வரும் கசிவைச் சரிசெய்வது பொதுவாகச் சொசைட்டியின் செலவு. மேல் வீட்டு பாத்ரூம் கசிந்தால் அது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. கொத்துவதற்கு முன் தேதி தெரியும்படி படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள்.