இறப்பு விகிதங்களை வைத்து அரசுகளுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்

கோவிட் பெருந்தொற்றின் இறப்பு எண்ணிக்கைகளைக் கொண்டு எந்த அரசு திறம்படச் செயல்பட்டது, எந்த அரசு கோட்டைவிட்டது என்று தீர்ப்பு வழங்கும் கட்டுரைகள் இன்றும் எழுதப்படுகின்றன. இறப்புப் பதிவேடுகளோடும் மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களோடும் பணிபுரிகிறவன் என்பதால், இளம் ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் தங்கள் வரைவுகளைப் பார்வைக்கு அனுப்புவது உண்டு. 2020ஆம் ஆண்டில் இத்துறையில் இருந்த நாங்கள் எல்லோரும் செய்து, பிறகு திருத்திக்கொண்ட அதே பிழைகள் அவற்றில் மறுபடியும் தலைகாட்டுகின்றன. மக்கள்தொகையால் வகுக்காமல் மொத்த எண்ணிக்கைகளை ஒப்பிடுவது போன்ற வெளிப்படையான பிழைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை வாசகரே கண்டுபிடித்துவிடுவார். கணக்கு சரியாகவும் முடிவு தவறாகவும் அமையும் இடங்களே நம் கவனத்துக்கு உரியவை.

பதிவான இறப்பை நிகழ்ந்த இறப்பாகக் கொள்வது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தணியாத பிழை இது. ஓர் இறப்பு கோவிட் இறப்பு என்று அரசுக் கணக்கில் ஏற வேண்டுமானால், நோயாளிக்குப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். அதில் தொற்று உறுதியாகியிருக்க வேண்டும். இறப்பு வீட்டில் நிகழ்ந்தாலும் மருத்துவமனையில் நிகழ்ந்தாலும் பதிவாகியிருக்க வேண்டும். காரணத்தை ஒரு மருத்துவர் எழுத்தில் சான்றளித்திருக்க வேண்டும். அந்தச் சான்றை மேலிருக்கும் அலுவலகம் ஏற்றிருக்கவும் வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒரு படி தவறினாலும் அந்த மனிதர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் குறித்துச் சான்றளித்தவை 2020இல்கூட நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை நினைவில் கொண்டால், மாநிலங்களின் பட்டியலை எவ்வளவு தயக்கத்துடன் படிக்க வேண்டும் என்பது விளங்கும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் யாருக்கும் காய்ச்சல் பதிவாவதில்லை.

வரையறை ஒன்றே போதும், தரவரிசையைப் புரட்டிப்போட. 2020 வசந்த காலத்தில் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்றாக பெல்ஜியம் காட்டப்பட்டது. முதியோர் இல்லங்களில் பரிசோதனை இல்லாமலேயே கோவிட் என ஐயுற்ற இறப்புகளையும் அந்நாடு எண்ணியது. அண்டை நாடுகள் பலவும் அவ்வாறு எண்ணவில்லை. பிற்பாடு மொத்த இறப்புகளோடு ஒத்துப் பார்த்தபோது பெல்ஜியத்தின் கணக்கு உண்மைக்கு மிக நெருக்கமாக இருந்தது. மாறாக, இங்கிலாந்தில் ஒருமுறை தொற்று உறுதியானவர் எப்போது இறந்தாலும் கோவிட் இறப்பாக எண்ணப்பட்டு வந்தது. 2020 ஆகஸ்டில், பரிசோதனைக்குப் பின் 28 நாள்களுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று மாற்றியவுடன், பிரிட்டனின் மொத்த எண்ணிக்கை ஒரே நாளில் 5,000க்கும் மேல் குறைந்தது. அன்று யாரும் உயிர்த்தெழவில்லை.

எதிர்த்திசையிலும் அதுவே நடந்தது. பெரு 2021 மே 31 அன்று தன் கணக்கைத் திருத்தியபோது, சுமார் 69,000 ஆக இருந்த இறப்புகள் 1,80,000ஐத் தாண்டின. அந்நாடு விகிதாசாரத்தில் உலகின் முதலிடத்துக்குச் சென்றது. அதற்கு முந்தைய வாரம் வரை பழைய எண்ணை வைத்து எழுதப்பட்ட ஒப்பீடுகள் அப்படியே கிடக்கின்றன. பத்து நாள்கள் கழித்து, உயர் நீதிமன்றம் தலையிட்டதை அடுத்து நடந்த தணிக்கையின் முடிவில், பீகாரின் எண்ணிக்கை சுமார் 5,500இலிருந்து 9,400க்கு மேல் உயர்ந்தது.

ஒரு கருத்தரங்கில் நன்றாகப் படித்த இளைஞர் ஒருவர் இந்திய மாநிலங்களைப் பதிவான இறப்பு விகிதப்படி வரிசைப்படுத்தி, கீழே இருந்த மாநிலங்களிடமிருந்து மற்றவை கற்க வேண்டிய பாடங்கள் என ஒரு பட்டியலையும் வைத்தார். அந்த மாநிலங்களில் நிகழும் மொத்த இறப்புகளில் எத்தனை விழுக்காடு எந்தக் காரணத்தாலாவது பதிவாகிறது என்று கேட்டேன். அவரிடம் விடை இல்லை, அரங்கிலும் இல்லை. பெருந்தொற்றுக்கு முன்பே பீகாரில் ஏறத்தாழப் பாதி இறப்புகள் பதிவாகாமல் போய்க்கொண்டிருந்தன. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அநேகமாக எல்லாமே பதிவாகின. அந்த வேறுபாட்டை நிர்வாகத் திறமையின் வேறுபாடாக அவர் படித்திருந்தார்.

இதற்கு நீதிமன்ற ஆவணத்திலேயே சான்று கிடைத்தது. கோவிட்டால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்ட பின், 2022 ஜனவரியில் மாநிலங்கள் தாக்கல் செய்த கணக்கைப் பாருங்கள். குஜராத்தில் அரசு அறிவித்த இறப்புகள் சுமார் 10,000. இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 89,000. தெலங்கானாவில் அறிவித்தவை 4,000க்கும் குறைவு. விண்ணப்பங்கள் சுமார் 29,000. கேரளத்திலோ அறிவித்தவை 49,000க்கும் மேல். விண்ணப்பங்கள் சுமார் 27,000. போலி விண்ணப்பங்கள் இருந்தன என்பதும், அவற்றை மாதிரி எடுத்துச் சரிபார்க்கப் பிற்பாடு நீதிமன்றமே அனுமதித்தது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு மாநிலத்தில் விண்ணப்பங்கள் அறிவித்த இறப்புகளைப் போல ஒன்பது மடங்காகவும் மற்றொன்றில் பாதியளவாகவும் இருப்பதை மோசடியால் மட்டும் விளக்கிவிட முடியாது.

இந்தப் பிழையின் செலவு ஒரு தவறான கட்டுரையோடு நிற்பதில்லை என்பதுதான் என் எரிச்சலுக்குக் காரணம். ஒழுங்காக எண்ணிய இடம் அவமானப்படுகிறது. எண்ணாத இடம் பாராட்டுப் பெறுகிறது. அடுத்த முறை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இரண்டுமே கற்றுக்கொள்கின்றன. பதிவுப் பணியில் இருந்த ஓர் அலுவலர், தன் பகுதியை வரைபடம் சிவப்பிலும் எதையும் எண்ணாத பக்கத்துப் பகுதியைப் பச்சையிலும் காட்டுவதால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வருவதாக என்னிடம் வருந்தியதுண்டு. வண்ணம் தீட்டியவருக்கு அந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

எனவே எந்த ஒப்பீட்டைத் தொடங்கும் முன்பும் இரு தரப்பிலும் எது கோவிட் இறப்பு என்று வரையறுக்கப்பட்டது, அந்த வரையறை இடையில் மாறியதா, எல்லாக் காரணங்களாலும் நிகழும் இறப்புகளில் எவ்வளவு பதிவாகின்றன ஆகியவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு விடை கிடைக்கவில்லையென்றால் அந்த ஒப்பீட்டைக் கைவிடுவதே நேர்மை.

மிகை இறப்பை அளந்த உண்மையாக நம்புவது

மேற்சொன்ன பிழையிலிருந்து தப்பியவர்கள் நேராக வந்து விழும் இடம் இது. மிகை இறப்பு என்பது நிகழ்ந்த மொத்த இறப்புகளிலிருந்து, பெருந்தொற்று இல்லாதிருந்தால் நிகழ்ந்திருக்கக்கூடியவற்றைக் கழித்து வருவது. முதல் எண்ணை எண்ணலாம். இரண்டாவது எண் எவரும் காணாத ஓர் உலகத்தைப் பற்றிய மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து உலக அளவில் சுமார் 1.49 கோடி மிகை இறப்புகள் என்று மதிப்பிட்டது. நாடுகள் அறிவித்தவை சுமார் 54 லட்சமே. அதே வெளியீட்டில் ஜெர்மனியின் விகிதம் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 116 என்றும் சுவீடனின் விகிதம் 56 என்றும் இருந்தது. சுவீடன் பொதுமுடக்கம் விதிக்காத நாடு என்பதால், பொதுமுடக்கத்தை எதிர்த்தவர்கள் அதை உடனே கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எதிர்பார்க்கும் இறப்புகளைக் கணிக்கப் பயன்படுத்திய வளைகோடு, முந்தைய சில ஆண்டுகளின் சிறு ஏற்ற இறக்கத்தை மிகையாக நீட்டிவிட்டது என்பது சில வாரங்களில் தெரிந்தது. திருத்திய பின் ஜெர்மனி 73, சுவீடன் 66. இரண்டு மடங்காகத் தெரிந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கையில் மாற்றம் எதுவும் இல்லை. கழித்த எண் மட்டுமே மாறியது.

இந்தியாவைப் பொறுத்தவரை அந்நிறுவனம் சொன்னது சுமார் 47 லட்சம். அரசு அறிவித்தது 2021 இறுதிவரை சுமார் 4.8 லட்சம். கணிப்பு முறையை அரசு கடுமையாக எதிர்த்தது. பின்னர் வெளியான குடிமைப் பதிவுக் கணக்கின்படி, 2020இல் சுமார் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021இல் 102 லட்சமாக உயர்ந்தன. இந்த உயர்வில் ஒரு பகுதி பதிவு மேம்பட்டதால் வந்திருக்கலாம் என்று கவனமாகச் சொல்கிறவரை நம்புங்கள். முழுவதும் அதனால்தான் என்பவரையும், துளியும் அதனால் இல்லை என்பவரையும் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மிகை இறப்பு கோவிட்டை மட்டும் அளப்பதில்லை. நியூசிலாந்தில் 2020இல் வழக்கத்தைவிடக் குறைவானவர்களே இறந்தார்கள், ஏனெனில் எல்லைகளை மூடியதில் சளிக்காய்ச்சலும் உள்ளே வரவில்லை.

வயதை மறப்பது

இந்த நோயின் கொடுமை வயதோடு ஏறிய வேகம் அசாதாரணமானது. தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில், தொற்று கண்ட 25 வயதினரில் பத்தாயிரத்தில் ஒருவரும், 65 வயதினரில் நூற்றில் ஒருவருக்குச் சற்று மேலும், 85 வயதினரில் நூற்றில் சுமார் பதினைந்து பேரும் இறந்தார்கள். ஆகவே சராசரி வயதில் சில ஆண்டுகள் வேறுபட்டாலே போதும், இரு அரசுகளின் திறமையையும் அது மூடி மறைத்துவிடும். 2020இன் தொடக்கத்தில் சீனாவையும் இத்தாலியையும் ஒப்பிட்டபோது, தொற்று கண்டறியப்பட்டவர்களில் இறந்தவர்களின் விகிதம் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இத்தாலியில் குறைவாகவும், மொத்தமாகப் பார்த்தால் இத்தாலியில் அதிகமாகவும் இருந்தது. இத்தாலியின் நோயாளிகளில் முதியோர் மிகுந்திருந்ததே காரணம். அமெரிக்காவில் முதியோர் மிகுந்த ஃபுளோரிடாவையும் இளையோர் மிகுந்த யூட்டாவையும் வயதைச் சமன்செய்யாமல் ஒரே பட்டியலில் இடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

அறிவித்த தேதியை இறந்த தேதியாக வரைவது

செய்யாதீர்கள். கேரளம் 2021இன் இறுதி மாதங்களில் பழைய இறப்புகளைக் கணக்கில் சேர்த்தபோது, அதைப் புதிய அலை என்று எழுதியவர்கள் இருந்தார்கள்.

நாட்டுச் சராசரியோடு நின்றுவிடுவது

2020 மார்ச்சில் வட இத்தாலியின் பெர்காமோவில் இறப்புகள் வழக்கத்தைவிடப் பல மடங்காகப் பெருகின. அதே நாட்டின் தெற்கிலுள்ள சிசிலியில் அப்படி நேரவில்லை. அரசு ஒன்றுதான்.

அரசாணையை நடைமுறையாக எண்ணுவது

கட்டுப்பாடுகளின் கடுமைக்கு மதிப்பெண் தரும் குறியீடுகள் ஆய்வாளருக்கு மிகவும் வசதியானவை, ஏனெனில் அவை ஓர் அரசின் நடத்தையை ஒற்றை எண்ணாக்கித் தந்துவிடுகின்றன. பெரு 2020 மார்ச் நடுவிலேயே, லத்தீன் அமெரிக்காவில் மிக முன்கூட்டியே, மிகக் கடுமையான ஊரடங்கை அறிவித்தது. குறியீட்டில் அதற்கு உயர்ந்த இடம். மக்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலியை நம்பியிருந்தார்கள். ஏறத்தாழப் பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லாததால் சந்தைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. உதவித்தொகையைப் பெற வங்கி வாசலில் கூட்டமாக நிற்க வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் ஆக்சிஜனும் போதவில்லை. இதை வைத்து ஊரடங்கு பயனற்றது என்று முடிவுகட்டுவதும் பிழை, ஊரடங்கு இல்லாதிருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதைப் பெருவின் எண் ஒன்றே சொல்லிவிடாது என்பதால். அந்த எண் காட்டுவது ஆணைக்கும் அதைக் கடைப்பிடிக்கும் வசதிக்கும் இடையிலான தூரத்தை மட்டுமே.

காரணமும் விளைவும் இடம் மாறுவதையும் கவனியுங்கள். இறப்புகள் ஏறும் இடத்தில்தான் அரசுகள் கட்டுப்பாடுகளை இறுக்குகின்றன. ஆகவே கடுமையான கட்டுப்பாடும் அதிக இறப்பும் சேர்ந்தே காணப்படுவது இயல்பு.

அலை எப்போது வந்தது என்று பாராதிருப்பது

நியூயார்க்கை 2020 வசந்தத்தில் தாக்கிய அதே நோய் 2021இல் வேறொரு மாநிலத்தைத் தாக்கியபோது மருத்துவம் மாறியிருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும் என்பது 2020 ஜூன் நடுவில்தான் தெரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் தடுப்பூசி வந்தது. முதலில் அடிபட்டதை நிர்வாகத் தோல்வி என்று மட்டும் படிப்பது அநீதி. தொற்றைத் தள்ளிப்போட்டதை எண்ணாமல் விடுவதும் அநீதியே: 2021 ஜூன், ஜூலையில் நடந்த இந்திய அளவிலான குருதி ஆய்வில் மத்தியப் பிரதேசத்தில் 79 விழுக்காட்டினரிடம், தொற்றோ தடுப்பூசியோ உடலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது, கேரளத்தில் 44 விழுக்காட்டினரிடம் மட்டுமே. அப்போது நாட்டிலேயே அதிகத் தொற்றுகளைத் தினமும் அறிவித்துக்கொண்டிருந்த கேரளத்தைத் தோற்ற மாநிலம் என்று எழுதினார்கள். தடுப்பூசி வரும்வரை தொற்றாமல் காக்கப்பட்டவர்கள் அங்குதான் மிகுந்திருந்தார்கள்.

ஒப்பீட்டை வசதியான மாதத்தில் நிறுத்துவது

சுவீடனைப் பற்றிய விவாதம் இதனால்தான் முடிவதே இல்லை. 2020 இறுதியில் கணக்கை நிறுத்தினால், நார்வே, பின்லாந்து, டென்மார்க் ஆகிய மூன்றையும்விட சுவீடன் மிக மோசமாக நிற்கிறது. 2022 இறுதிவரை நீட்டினால், மிகை இறப்பு குறைந்த ஐரோப்பிய நாடுகளில் ஒன்றாகப் பல கணிப்புகளில் அதுவே வருகிறது. ஒரு தரப்பு முதல் தேதியிலும் மறுதரப்பு இரண்டாம் தேதியிலும் பேனாவை மூடிவைத்துவிடுகிறது. அந்நாட்டின் விசாரணை ஆணையமோ இரண்டையும் சேர்த்துச் சொன்னது: முதியோரைக் காப்பதில் தோல்வி என்றும், 2020 பிப்ரவரி, மார்ச்சில் இன்னும் விரைவான, வலுவான நடவடிக்கைகள் வேண்டியிருந்தன என்றும், தன்னார்வ ஒத்துழைப்பை நம்பிய அடிப்படை வழி பெரும்பாலும் சரியே என்றும். ஒப்பிடும் காலத்தையும் அதைத் தேர்ந்ததற்கான காரணத்தையும் முதல் பத்தியிலேயே எழுதாத வரைவுகளை இப்போதெல்லாம் மேற்கொண்டு படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.