பழைய ஜீப்பின் துருப்பிடித்த பின்கதவை மாற்றுவது எப்படி?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஓடும் பழைய ஜீப்புகளில் எஞ்சின் கெடுவதற்கு முன்பே பின்கதவு துருப்பிடித்துப் போய்விடும். வேதாரண்யத்து உப்புக்காற்று ஒரு காரணம். ஈர நெல்மூட்டையும் பொட்டாஷ் மூட்டையும் இன்னொன்று. பொட்டாஷில் இருப்பது குளோரைடு உப்பு. சிந்திய இடத்தில் ஈரம் பட்டால் தகட்டைத் தின்றுவிடும். என் மஹிந்திரா 540-இன் கதவைப் பட்டி பூசியே மூன்று வருடம் சமாளித்தேன். சம்பா அறுவடையின்போது கையோடு வந்துவிட்டது.

முதலில் துருவின் ஆழம் பாருங்கள். கதவின் கீழ்விளிம்பில் தகடு மடிந்திருக்கும். தண்ணீர் வடிவதற்கான துளைகளில் பதரும் சேறும் அடைத்துக்கொண்டால், அழுகல் உள்ளிருந்தே தொடங்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் கதவை மாற்ற வேண்டியதுதான். கீல் உட்காரும் பாடித் தகட்டையும் அப்படியே குத்திப் பாருங்கள். அதுவும் போயிருந்தால் முதலில் வெல்டிங் பட்டறை, அப்புறம்தான் கதவு.

கழற்றுவதற்கு முதல்நாள் இரவே கீல் போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். பழைய ஜீப்பில் சில போல்ட்டுகள் அங்குல அளவு. 13 எம்எம் ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் ஏறும்தான். ஆனால் கொஞ்சம் ஆடும், இறுகிய போல்ட்டில் தலையை மழுக்கிவிடும். சரியான ஸ்பேனரையே இரவல் வாங்குங்கள். ஸ்டெப்னி கதவில் இருந்தால் அதை முதலில் இறக்குங்கள். விளக்கு ஒயர் இருந்தால் பிரித்துவிட்டு, ஒருவரைக் கதவைப் பிடிக்கச் சொல்லி, திறந்த கதவைத் தாங்கும் இருபக்கச் சங்கிலிகளையும் பிறகு கீல் போல்ட்டுகளையும் கழற்றுங்கள். தனியாகச் செய்தால் கதவு முழங்காலில்தான் விழும்.

இனி நான் செய்த தப்பு. காயலான் கடையில் நல்ல கதவு ஒன்று கிடைத்த சந்தோஷத்தில், அன்றைக்கே பெயின்ட் அடித்துவிட்டேன். மாட்டும்போது கீல் துளை ஒரு விரல்கடை தள்ளி நின்றது. புதுப் பெயின்ட்டின் மேல் டிரில் போட்டேன். பார்த்த டிங்கர் அண்ணன் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பெயின்ட்டுக்கு முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பின்வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அளவு வேறுபட்டால் பாடி சாய்ந்திருக்கிறது. கதவைக் குறை சொல்லிப் பயனில்லை. துளை போட வேண்டியதை இப்போதே போட்டுவிடுங்கள்.

அப்புறம் இறக்கி, உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் துடைத்து, அதன் பிசுக்குப் போகத் தின்னரால் இன்னொரு முறை துடைத்து, பெயின்ட்டுக்கு அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு அடியுங்கள். மடிப்பின் உள்ளேயும் புதுத் துளைகளின் ஓரத்திலும் மறக்காமல் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்துப்போகும். சித்திரை வெயில் தோது.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் பாதி முறுக்கில் நிறுத்திக் கதவை மூடுங்கள். இருபக்க இடைவெளியும் ஒத்துவரும்வரை தட்டி நகர்த்தி, பிறகு முழுதாக இறுக்குங்கள். தாழ்ப்பாளைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். திறந்த கதவு சமமாகப் படுக்கிறதா என்று பாருங்கள். ஒரு சங்கிலி நீளமாக இருந்தால் மூட்டையின் பாரம் முழுதும் மற்றதில் விழும்.

கடைசியில் கதவை மூடி, அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கீழ்த்துளைகள் வழியே வடிந்தால் வேலை முடிந்தது. வடியவில்லையா, ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு கீழே குனியுங்கள்.