தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரில் மாஸ் தொட்டி: எங்கெல்லாம் சறுக்குகிறது?

கலர் மீன் கடைக்குப் போய்க் கண்ணுக்குப் பிடித்த மீனைப் பார்ப்பது, அதற்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு கட்டை, கட்டையில் கட்ட மாஸ் எனும் பாசிச்செடி ஒரு பிடி. வழக்கமாக இந்த வரிசையில்தான் வாங்குகிறார்கள். தண்ணீரைப் பற்றிய நினைப்பே வருவதில்லை, அது வீட்டுக் குழாயில் வருகிறதே! தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். தண்ணீர்தான் முதலில், மீன் கடைசியில்.

இரண்டு மாவட்டமும் பாறை பூமி. பல ஊர்களில் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல், ஃபுளோரைடும் உண்டு. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கமும் இருக்கிறது. அதனால் ஒரே வீட்டில் இப்போது மூன்று வகைத் தண்ணீர் கிடைக்கிறது: மாடி டேங்கில் போர் தண்ணீர், தெருக்குழாயில் காவிரி, சமையலறையில் ஆர்.ஓ. எதைத் தொட்டியில் ஊற்றுகிறோம் என்பதில்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.

அளக்காமல் ஊற்றுவது

டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். மூன்று தண்ணீரையும் தனித்தனியே அளந்து எழுதிவையுங்கள். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம். கடினத்தன்மையைத் துல்லியமாகச் சொல்ல ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை), கே.எச். (கார்பனேட் அளவு) சொட்டுப் பரிசோதனை தேவை. ஆனாலும் முதல் முடிவுக்கு மீட்டர் போதும். நடைமுறைக் கணக்கு இது: லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான சிறு மீன்களுக்குச் சரி. 300 முதல் 600 வரை கப்பி, பிளாட்டி, ஜீப்ரா டானியோ தாங்கும். அதற்கு மேலே போனால் கலக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

கலப்பது எளிய கணக்குதான். போர் தண்ணீர் 1000, ஆர்.ஓ. 50 என்றால், சரிபாதி கலந்தால் 525 வரும். ஒரு பங்கு போருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. என்றால் ஏறக்குறைய 370. முழுக்க ஆர்.ஓ. ஊற்றுவதும் தவறுதான். அதில் தண்ணீரின் அமில, கார அளவான பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. சில வாரங்களில் பி.எச். சரிந்துவிடும், கால்சியம் இல்லாமல் இறால் தோலுரிக்கத் திணறிச் சாகும்.

ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுக் குழாயில் பக்கெட் வைத்துப் பிடிக்கிறோமே, அது வீடு துடைக்க மட்டும். உள்ளே போன உப்பு அதில்தான் திரண்டு வருகிறது. வாஷிங் மெஷினுக்காகப் பொருத்தும் சாஃப்ட்னரும் ஏமாற்றும். கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக சோடியத்தை விடுவதால் டிடிஎஸ் குறையாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்பார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் 24 மணி நேரம் திறந்துவைத்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டால் ஓடிவிடும். அவசரமென்றால் ஆன்டி-குளோரின், புட்டியில் போட்ட அளவுக்கு. அப்படியே ஊற்றினால் மீனின் செவுள் எரிவதோடு, ஃபில்டரில் குடியேறிய நல்ல பாக்டீரியாவும் மடியும்.

கட்டை

கட்டை போட்டால் தண்ணீர் மிருதுவாகிவிடும் என்று கடையில் சொல்வதை இங்கே நம்ப வேண்டாம். கட்டையிலிருந்து டானின் எனும் மெல்லிய அமிலம் கசியும், அது உண்மை. ஆனால் கே.எச். கூடிய போர் தண்ணீர் அந்தச் சிறு அமிலத்தை விழுங்கிவிடும். மிஞ்சுவது டீ நிறம் மட்டும்தான், பி.எச். 8இல் அசையாமல் நிற்கும்.

கடையில் விற்கும் மலேசியன் டிரிஃப்ட்வுட் கனமானது, சீக்கிரம் மூழ்கும். ஸ்பைடர் வுட் வாரக்கணக்கில் மிதக்கும். ஆகவே தட்டைக் கல்லில் கட்டி வையுங்கள். எதுவானாலும் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, பிறகு ஒரு வாரமாவது ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். தொட்டியில் வைத்த சில நாளில் கட்டைமேல் வெள்ளையாக வழவழவென்று ஒன்று படரும். பயந்து கட்டையைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. அது மரத்தில் மிஞ்சிய சர்க்கரையைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம், தீங்கில்லை. இரண்டு மூன்று வாரத்தில் தானே போகும். இறால் இருந்தால் அதுவே மேய்ந்துவிடும்.

தோட்டத்தில் கிடக்கும் கட்டையைப் போடலாமா? வேம்பு வேண்டாம். பூச்சியை விரட்டும் அதே சரக்கு மீனையும் இறாலையும் பதம் பார்க்கும். தைலமரம், கள்ளி, பால் வடியும் எந்த மரமும் ஆகாது. பச்சை மரம் தண்ணீரில் அழுகும். பல வருடம் வெயிலில் காய்ந்து, பட்டை உரிந்து, நகத்தால் கீறினால் பதியாத வைரம் பாய்ந்த புளிய வேர் கிடைத்தால் முயன்று பார்க்கலாம். ஒகேனக்கல் பக்கத்துக் காப்புக்காட்டில் ஆற்றோரம் ஒதுங்கிய கட்டை அழகாகத்தான் இருக்கும். எடுத்து வந்தால் வனத்துறை வழக்கு.

கல்லைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கிரானைட் தண்ணீரை மாற்றாது. ஆனால் பட்டறை ஓரத்துக் குவியலில் மார்பிள் துண்டும் கலந்திருக்கும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ சில சொட்டு விட்டுப் பாருங்கள், பொங்கினால் சுண்ணாம்புக் கல், வெளியே போடுங்கள். எம்-சாண்டைத் தரையாகப் பரப்பாதீர்கள். தூசி அடங்காது, கூர்முனை அடிமண் தேடும் மீன்களின் மீசையை அறுக்கும்.

மாஸ்

கிணற்றுச் சுவரிலும் மழைக்காலப் பாறையிலும் படரும் பாசியைப் பெயர்த்து வந்து போடுவது வீண் வேலை. அவற்றில் பெரும்பாலானவை ஈரக்காற்றில் வளர்பவை, முழுக்க மூழ்கினால் பழுத்து அழுகும். தொடக்கத்துக்கு ஜாவா மாஸ் போதும், கிறிஸ்துமஸ் மாஸ் அடுத்த கட்டம்.

எல்லோரும் செய்யும் தவறு, அடர்த்தியாகக் கட்டுவது. பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும், ஒரு மாதத்தில் அடிப்பகுதி வெளிச்சமில்லாமல் பழுத்து மொத்தமும் பெயர்ந்து மேலே வரும். மாஸைக் கத்தரியால் ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அடியில் கட்டையின் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லப் பரப்பி, பருத்தி நூலால் அரை அங்குல இடைவெளியில் சுற்றுங்கள். நூல் மட்குவதற்குள் மாஸ் பற்றிக்கொள்ளும். வேகமாகப் பாயும் தண்ணீரைவிட மிதமான ஓட்டம் நல்லது. ஓட்டமே இல்லையென்றால் மீன் கழிவு மாஸுக்குள் அடைந்து கரும்பாசி ஏறும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகள் வைப்பவர்கள் கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்துவிடுகிறார்கள், அழுகிவிடுகிறது. அதையும் கட்டையில்தான் கட்ட வேண்டும். இவை மட்டும் இருக்கும் தொட்டிக்கு சாயில் எனும் விலை கூடிய செடிமண்ணோ கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டரோ தேவையே இல்லை. இரண்டடி தொட்டிக்கு ஓர் அங்குல உயரத்தில் ஏழு கிலோ கழுவிய சிறு கூழாங்கல் போதும். எல்இடி விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் சரி. ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம்.

உரம் விஷயத்தில் விவசாய வீட்டில் ஒரு கூடுதல் ஆபத்து: மூட்டையில் யூரியா இருக்கும், செடிதானே என்று ஒரு சிட்டிகை போடத் தோன்றும். 40 லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம் யூரியா முழுதும் அமோனியாவாக மாறினால் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் போகும். மீன் மிஞ்சாது.

மீன் விடும் அவசரம்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 54 லிட்டர் என்பார்கள். விளிம்பு, கட்டை, கல் போக 40தான் நிற்கும். இதில் மீன் விடுமுன், கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தினமும் இரண்டு மூன்று குருணைத் தீனி போட்டுவிட்டுக் காத்திருங்கள். முதலில் அமோனியா ஏறும், பிறகு நைட்ரைட், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரியும். அன்றைக்குத்தான் மீன். பழைய தொட்டியின் ஸ்பான்சை இதில் பிழிந்தால் நாள் குறையும்.

இந்தக் காத்திருப்பு இங்கே கூடுதலாக முக்கியம். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சாகும் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. பி.எச். 8இல் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டும். மிருதுவான தண்ணீரில் தப்பிக்கும் மீன், அதே அளவு அமோனியாவில் போர் தண்ணீரில் செத்துப்போவது இதனால்தான்.

யாரோடு யார்? கோல்ட் ஃபிஷ் மாஸைப் பிடுங்கும், தண்ணீரைச் சேறாக்கும். டைகர் பார்ப் கப்பியின் வாலைக் கடிக்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியான் டெட்ராவை விழுங்கும். ஃபைட்டரை ஆண் கப்பியோடு விடாதீர்கள், நீள வாலைப் பார்த்து எதிரியென்று பாயும். கண்ணாடி சுத்தம் செய்யும் என்று விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள், அங்கே உள்ளூர் மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

டிடிஎஸ் 500ஐ ஒட்டி இருந்தால் ஆண் கப்பி ஆறு, செர்ரி இறால் பத்து. பெண் கப்பி சேர்த்தால் மூன்று மாதத்தில் தொட்டி கொள்ளாது. 250க்குக் கொண்டுவர முடிந்தால் ஹார்லிக்வின் ராஸ்போரா எட்டு, அதோடு அதே இறால். மாஸ் அடர்ந்தால் குட்டி இறால்கள் ஒளிந்து பிழைக்கும். வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து ஊற்றினால் இறால் மொத்தமும் போகும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

வெயில், பனி, கரண்ட்

தருமபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டு வீட்டுக்குள்ளும் மாடி வீட்டுக்குள்ளும் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் மாஸ் பழுக்கத் தொடங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள், சட்டென்று குளிர்ந்து திரும்பச் சூடாவது மீனுக்கு இன்னும் கேடு. நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது. போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் டிடிஎஸ் வாராவாரம் ஏறும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிரச்சினை மார்கழிக் குளிர். அங்கே 50 வாட் ஹீட்டர் வையுங்கள், இல்லை குளிர் தாங்கும் ஜீப்ரா டானியோவைத் தேர்ந்தெடுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ச் ஃபில்டர்தான் கைகொடுக்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். ஸ்பான்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். கொசுவிரட்டியும் பூச்சி ஸ்பிரேயும் அந்த அறையில் வேண்டாம். ஏர் பம்ப் அறைக்காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது, முதலில் சாவது இறால்.