குறுவை நடவுக்குள் குரூப் 4 படிப்பை முடிப்பது எப்படி

நீடாமங்கலம் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறேன். சான்றிதழுக்கு வரும் தம்பி தங்கைகள் வேலை முடிந்ததும் கேட்பார்கள்: "அண்ணே, குரூப் 4க்கு எந்தக் கோச்சிங் நல்லா இருக்கும்?" எந்த மாதத்தில் எதைப் படிப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. வயல் வேலையோடு படிக்கிறவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் இந்தத் தேர்வு 2024இல் ஜூன் 9, 2025இல் ஜூலை 12. மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாளோ ஜூன் 12. நாற்றங்கால், நடவு என்று வீடே வயலில் கிடக்கும் நேரம். கடைசி மாதம் உட்கார்ந்து படிக்கலாம் என்ற கணக்கு நம் பக்கம் செல்லாது. சம்பா அறுத்து, உளுந்து பயறு தெளித்த பிறகு மாசி முதல் சித்திரை வரை கொஞ்சம் கை ஓயும். கனமான படிப்பை அதற்குள் முடித்துவிடுங்கள். நடவுக் காலத்துக்குப் பழைய வினாத்தாள்கள் போதும்.

முதலில் தமிழ். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் பாதி தமிழ். அந்த 150இல் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதற்காக 60ஐ இலக்காக வைக்காதீர்கள். வேலை தருவது தமிழில் எடுக்கும் உச்ச மதிப்பெண்தான். ஆறு முதல் பத்து வரை பள்ளிப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். தடித்த கைடு வாங்குமுன் தேர்வாணையத்தின் இணையதளத்தில் புதிய பாடத்திட்டத்தைப் பாருங்கள். அதை அவ்வப்போது மாற்றுகிறார்கள். கடைக்காரர் பழைய கைடைத்தான் தலையில் கட்டுவார்.

பொது அறிவு 75 கேள்வி. நம் ஊர்ப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் கொஞ்சம் சுலபம். 1930இல் திருச்சியிலிருந்து ராஜாஜி உப்பெடுக்க நடந்தது வேதாரண்யத்துக்கு. உ.வே.சா.வின் சொந்த ஊர் உத்தமதானபுரம். தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப். பஸ்ஸில் போகும் ஊர்கள்தானே, மறக்காது.

கணக்கு 25. பயப்படுகிறவர்கள்தான் அதிகம், ஏனென்று எனக்குப் புரிவதில்லை. 12 பேர் 6 நாளில் நடும் வயலை 9 பேர் நட எத்தனை நாள்? 12ஐ 6ஆல் பெருக்கினால் 72 ஆள் வேலை, 9ஆல் வகுத்தால் 8 நாள். நடவுக்கு ஆள் பேசும்போது அம்மா வாய்க்கணக்காகச் சொல்வது இதுதான். தினமும் அரை மணி, பேனாவும் தாளுமாக. வீடியோ பார்ப்பது கணக்கில் சேராது.

விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் 'விடை தெரியவில்லை' என்பதற்கு. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்; தெரியாததற்கு ஏதாவது ஒன்றைக் குறித்துவிடுங்கள். எதையும் நிழலிடாமல் மட்டும் விடக்கூடாது. எந்த எழுத்தை எத்தனை முறை குறித்தீர்கள் என்று கடைசியில் எண்ணி எழுத வேண்டும். வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் கோடை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மே மாதம் போனால் பள்ளி பூட்டியிருக்கும். தேர்வன்று 9 மணிக்குள் கூடத்தில் இருக்க வேண்டும். மையம் மன்னார்குடியோ கும்பகோணமோ, அன்றைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் முந்தின வாரமே கேளுங்கள். கறுப்புப் பால்பாயின்ட் பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், நீலம் கூடாது.