பொருட்களைப் பட்டியலிட மென்பொருளா? முதலில் ஒரு பெட்டியை நகர்த்திப் பாருங்கள்

பெட்டி பெட்டியாகப் பொருள் சேர்ந்த பிறகுதான் பட்டியல் போடும் எண்ணமே பலருக்கு வருகிறது. புத்தகம், இசைத்தட்டு, பழைய கேமரா, கருவிகள், எதற்கு என்றே மறந்துபோன மின்கம்பிகள் எல்லாம் எங்கெங்கோ அடுக்கிக் கிடக்கும். உடனே செயலிகளைத் தேடி, நட்சத்திரம் அதிகம் வாங்கிய ஒன்றை இறக்கிக்கொண்டு முதல் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார்கள். நாலாவது பெட்டியில் வேலை நின்றுபோகும். தங்கள் சோம்பலைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். ஆனால் பெரும்பாலும் கோளாறு இருப்பது மென்பொருளைத் தேர்ந்தெடுத்த விதத்தில்.

ஒரு பொருளைப் பதிவது எவ்வளவு சுலபம் என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. பதிவது ஒரு தடவை நடக்கும் வேலை. பொருள் இடம் மாறுவதோ வருடக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். நாளைக்குப் பட்டியலைத் திறக்கும்போது நாம் கேட்கப்போவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அது இப்போது எங்கே இருக்கிறது? பிரிட்டன் அருங்காட்சியகங்களுக்காக 1994இல் வெளிவந்த 'ஸ்பெக்ட்ரம்' தரநிலையில், ஒரு பொருளின் இருப்பிடத்தையும் அது நகர்வதையும் பதிவதே தனி நடைமுறையாக இருக்கிறது. நமக்கு அவ்வளவு சம்பிரதாயம் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய கவலைதான் நம்முடையதும்.

இதில் மென்பொருளின் உள்ளமைப்பு முக்கியம். சில செயலிகளில் 'இடம்' என்பது வெறும் எழுத்துக் கட்டம். 'மாடி அறை, இடது ரேக், 14ஆம் பெட்டி' என்று ஒவ்வொரு பொருளுக்கும் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். அந்தப் பெட்டியில் 80 பொருள் இருக்கிறது என்று வையுங்கள். பெட்டியைக் கீழே கொண்டுவந்தால் 80 பதிவுகளைத் திருத்த வேண்டும். யாரும் திருத்த மாட்டார்கள். ஒரு மாதத்தில் பட்டியல் பொய் சொல்ல ஆரம்பிக்கும், அப்புறம் அதை யாரும் திறக்கவும் மாட்டார்கள்.

வேறு சில மென்பொருள்களில் பெட்டியே ஒரு தனிப் பதிவு. பொருள் பெட்டிக்குள், பெட்டி ரேக்கில், ரேக் அறையில் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். பெட்டியின் இடத்தை ஒருமுறை மாற்றினால் உள்ளே இருக்கும் எல்லாமே கூடவே போய்விடும். ஹோம்பாக்ஸ் என்ற திறமூல மென்பொருள் (அதாவது மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) இடத்துக்குள் இடம் வைக்க விடுகிறது. இந்த வசதி உண்டா என்று விளம்பரப் படங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதனைக் கணக்கில் இரண்டு அறை, மூன்று பெட்டி, பத்துப் பொருள் மட்டும் போட்டு, ஒரு பெட்டியை அறை மாற்றிப் பாருங்கள். திரையில் எத்தனை முறை தட்டினால் வேலை முடிகிறது? பழைய இடம் எங்காவது வரலாறாக நிற்கிறதா? என்னைக் கேட்டால், இதில் தோற்கும் மென்பொருளின் மற்ற வசதிகளைப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து, வேறு வேலைக்காகப் பிறந்த மென்பொருளை இழுத்துவருவது. கடைக்கான சரக்கு மென்பொருள் 'இது எத்தனை மீதி, எப்போது மறுபடி வாங்க வேண்டும்' என்று யோசிக்கும். அதற்கு ஒரே மாதிரி 40 சோப்புகள் ஒரே வரி. உங்களிடம் இருப்பதோ ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாத 40 பொருட்கள். ஸ்னைப்-ஐடி அலுவலகக் கணினிகள் யாரிடம் இருக்கின்றன என்று கண்காணிக்க உருவானது. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக 1999இல் தொடங்கிய கோஹா, நூலகங்களுக்கே உரிய முழு அமைப்பு. எல்லாமே நல்ல மென்பொருள்கள்தான், உங்கள் கேள்வியும் அவற்றின் கேள்வியும் வேறு என்பதுதான் சிக்கல்.

'பார்கோடை ஸ்கேன் செய்தால் போதும், விவரம் தானாக வரும்' என்பதில் மயங்குவதும் இதே வகைதான். புத்தகங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும், அதுவும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் இருந்தால். அந்த எண் சர்வதேசத் தரமானது 1970இல். அதற்கு முந்தைய பதிப்புகளில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. கையால் செய்தவை, கடிதங்கள், மரபுவழி வந்தவை எதற்கும் பார்கோடு கிடையாது. உங்கள் சேகரிப்பில் எவ்வளவு பங்குக்கு ஸ்கேன் உதவும் என்று ஒரு பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு அந்த வசதிக்குப் பணம் கொடுங்கள்.

சரி, லேபிளுக்கு வருவோம். பல செயலிகள் தாங்களே க்யூஆர் கோடு அச்சிட்டுத் தரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கோடுக்குள் இருப்பது அந்த நிறுவனத்தின் இணைய முகவரி என்றால், நிறுவனம் கடையை மூடும் நாளில் உங்கள் 200 லேபிள்களும் வெறும் கறுப்புக் கட்டங்கள். கோடுக்குள் உங்களுடைய சொந்த எண் மட்டும் இருக்கட்டும், அதே எண் பக்கத்தில் கண்ணால் படிக்கும்படி பெரிதாகவும் இருக்கட்டும். எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்காதீர்கள். 'மாடி-3-14' என்று பெயர் வைத்த பெட்டி ஒருநாள் கீழ்த்தளத்துக்கு வரும். 0147 என்ற பெட்டி எங்கே போனாலும் 0147தான். இன்னொன்று: வெப்பத்தாலேயே அச்சாகும் சின்ன பிரிண்டர்களின் தாள், ரசீதைப் போலவே, வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும். வருடக்கணக்கில் கிடக்கப்போகும் பெட்டிக்கு ரிப்பன் போட்டு அச்சிடும் லேபிளோ, அழியாத மையில் கையெழுத்தோ மேல்.

தமிழில் பதிகிறவர்கள் தேடலைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். 'கொ' என்று திரையில் தெரிவதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே ஒகரக் குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. இரண்டும் சமம் என்றுதான் கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடு சொல்கிறது. ஆனால் மென்பொருள் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளவில்லை என்றால், கைபேசியில் பதிந்த 'கொக்கி' கணினியில் தேடும்போது கிடைக்காமல் போகலாம். இதைவிட அடிக்கடி நடப்பது நம் கைங்கரியம்தான்: இன்றைக்கு 'டிரில்', அடுத்த வாரம் 'ட்ரில்', பின்பு 'துளையிடும் கருவி'. எனவே வகைப்பெயரை ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்யாமல், முன்பே போட்டுவைத்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க விடும் மென்பொருளாகப் பாருங்கள்.

கட்டங்கள் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைப்பதும் வேண்டாம். வாங்கிய தேதி, விலை, நிறம், எடை, நிலைமை என்று இருபது கட்டத்தை நிரப்பச் சொல்லும் திரை முன்னால் மனிதர் யாரும் இரண்டு மணி நேரம் தாங்க மாட்டார். பெயர், படம், பெட்டி எண் போதும். விலை உயர்ந்தவற்றுக்கு மட்டும் அளவு, எதனால் ஆனது, தனி அடையாளங்கள், எழுத்துப் பொறிப்புகள். காப்பீட்டுக்கோ திருட்டுப் புகாருக்கோ இவைதான் கேட்கப்படும்.

இனி, பலர் வாங்கும்போது கேட்காமல் விடும் விஷயம்: வெளியேறும் வழி. 'சிஎஸ்வி ஆக ஏற்றுமதி செய்யலாம்', அதாவது எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பாக எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஓர் இணைப்பு மட்டும் இருக்கும், படம் அவர்களுடைய சர்வரில். கணக்கை மூடினால் படமும் போச்சு. பொருள்–பெட்டி உறவு ஏற்றுமதியில் வருகிறதா, அதே கோப்பைத் திரும்ப ஏற்ற முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நேராக எக்செல்லில் திறந்தால் இரண்டு விபத்துகள் நடக்கலாம்: தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியும், 0147 என்பது 147 ஆகிவிடும். திறந்ததை அப்படியே சேமித்துவிட்டால் அந்த நஷ்டம் நிரந்தரம். இறக்குமதி வழியாக, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்றும், எண் நெடுவரிசையை எழுத்து என்றும் சொல்லித் திறப்பதே பாதுகாப்பு.

இலவசத் திட்டத்தை நிரந்தரம் என்று நம்புவதும் இதோடு சேர்ந்ததுதான். எவர்நோட் என்ற குறிப்பெடுக்கும் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள் என்று வரம்பு போட்டது. திறமூலம் என்றால் கவலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன ஹோம்பாக்ஸை உருவாக்கியவர் 2024இல் அதை நிறுத்திவைத்தார். மூலநிரல் திறந்திருந்ததால் வேறொரு குழு எடுத்துத் தொடர்கிறது. ஆனால் அதை உங்கள் கணினியில் நிறுவிப் பராமரித்து பேக்கப் எடுப்பது உங்கள் வேலை. அதில் ஆர்வமில்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படங்களின் கனத்தையும் கணக்கிடுங்கள். 4,000 பொருள், பொருளுக்கு மூன்று படம், ஒவ்வொரு படமும் 3 எம்பி என்றால் 36 ஜிபி ஆகிறது. படத்தைத் தானே சுருக்கும் வசதி இருந்தால் பெரிய நிம்மதி. பொருட்கள் அடித்தளத்திலோ இரும்புக் கொள்கலனிலோ இருந்தால் அங்கே சிக்னல் இருக்காது, இணையம் இல்லாமல் பதிந்து பிறகு ஒத்திசைக்கும் செயலியாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த பொருள் எந்த அறையில் இருக்கிறது என்ற பட்டியலை யார் யார் பார்க்கலாம் என்பதையும் கட்டுப்படுத்த முடிய வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எக்செல்லே போதும் என்று தோன்றினால் அதுவும் தவறில்லை. ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு, எண்ணிக்கை பிரச்சினையே ஆகாது. பொருளுக்கு ஒரு தாள், பெட்டிக்கு ஒரு தாள், இரண்டையும் பெட்டி எண்ணால் இணைத்துவிட்டால் பெட்டி நகரும் சோதனையில் பல சந்தாச் செயலிகளை அது ஜெயித்துவிடும். தடுமாறுவது படங்களில்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மொத்தத்தையும் கொட்டுவதற்கு முன் ஐம்பது பொருளோடு பழகிப் பாருங்கள். சுலபமானவற்றை எடுக்காதீர்கள். மூடி ஒரு பெட்டியிலும் பாத்திரம் இன்னொன்றிலும் இருக்கும் செட், பெயரே தெரியாத உதிரிப்பாகம், யாருக்கோ இரவல் போன கருவி என்று வில்லங்கமானவையாகப் பொறுக்குங்கள். பிறகு பட்டியலைப் பார்த்தே இராத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ஒரு பொருளின் பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் வழி கேட்டால் இன்னும் இரண்டு செயலிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.