சிக்குன்குனியா போன பிறகும் போகாத மூட்டு வலிக்கு

காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். வலிதான் மாசக்கணக்கில் குடியிருக்கும். கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டு, அதுவும் பெரும்பாலும் இரண்டு பக்கமும். நான் தையல் வேலை செய்கிறவள். கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் போகவில்லை, மிஷின் பெடலில் கால் மடங்கவில்லை. 2006இல் சிக்குன்குனியா பரவியபோது ஊரே சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்திருந்ததால் நான் பயப்படவில்லை.

காலை நேரம்தான் மோசம். கண் விழித்ததும் சட்டென்று காலை ஊன்றாதீர்கள். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் பத்து தடவை, அப்புறம் வட்டமாகப் பத்து தடவை ஆட்டுங்கள். பிறகு ஒரு அகலப் பாத்திரத்தில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர். மணிக்கட்டு வரை கையை முக்கி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கி விரியுங்கள். கட்டைவிரல் நுனியால் மற்ற நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். சுண்டுவிரல் எட்டவில்லையா, எட்டிய வரை போதும். சர்க்கரையால் கை மரத்துப் போனவர்கள் வேறொருவரைச் சூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு சிவந்து வீங்கியிருந்தால் வெந்நீர் வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ்.

முழு ஓய்வும் ஆகாது, பழையபடி இழுத்துப் போட்டுச் செய்வதும் ஆகாது. பயிற்சி செய்த வலி மறுநாளும் நின்றால் பாதியாகக் குறையுங்கள். ஈரத்துணியைக் கையால் முறுக்காமல் குழாயில் சுற்றி முறுக்கலாம். குக்கரை இரண்டு கையாலும் தூக்குங்கள். இடியாப்பம் பிழிகிற வேலை வீட்டு ஆண்களுக்கு!

வலிக்கு பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். காய்ச்சல் நாட்களில் டெங்கு இல்லை என்று தெரியும் வரை டைக்ளோபினாக், ஆஸ்பிரின் தொடக்கூடாது. "ஒரு ஊசியில ஓடிடும்" என்று யாராவது சொன்னால், என்ன ஊசி என்று கேளுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் அன்றைக்கு வலி மாயமாகும், சர்க்கரை ஏறும், மருந்தின் வேகம் குறைந்ததும் வலி திரும்பி வரும். எப்போதாவது அதுவும் தேவைப்படலாம். ஆனால் அதை நம்மை முழுசாகப் பரிசோதித்த டாக்டர் சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் தாண்டியும் வீக்கமும் காலை விறைப்பும் இருந்தால் ருமடாலஜி (மூட்டு, வாத நோய்) டாக்டரைப் பாருங்கள். முடக்குவாதமும் பார்க்க இப்படியேதான் இருக்கும், ரத்தப் பரிசோதனையும் சேர்த்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. போகும்போது இதுவரை விழுங்கிய மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டு மருந்துப் பொட்டலத்தையும் சேர்த்து.