பூட்டிய வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள்

சர்வே எடுக்கிறேன் என்று தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்று ஆயிரம் பேரைக் கேட்டாலும், கிடைப்பது அங்கே வந்து போகிறவர்களின் கருத்துதான். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில் இருக்கிறார்கள். சித்தேரி மலைக்காரர் தினமும் டவுனுக்கு வருவதில்லை.

ஆட்களைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்புவது பெரிய தவறு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை நடத்திய கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலில் இருந்தே பெரும்பாலான முகவரிகளை எடுத்திருந்தார்கள். அதிலும் பதில் போட்டவர்கள் ஒரு பகுதிதான். வாட்ஸ்அப் குரூப்பில் படிவம் சுற்றவிடுவதும் இதே கதைதான்.

நம் ஊர்ப் பக்கம் என்னை அதிகம் உறுத்துவது பூட்டிய வீடு. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில், பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்து, வெளியூர் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது வீட்டில் பூட்டு. "பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டாங்க" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நேரமாகிறதே என்று அந்தப் பாட்டியிடமே கேள்வித்தாளை நிரப்பிவிட்டால், யாரைத் தேடி வந்தோமோ அந்தக் குடும்பமே கணக்கில் இல்லாமல் போகிறது. சாயங்காலம் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள், முடிந்தால் பொங்கல் சமயத்தில் போங்கள். அப்போதும் ஆள் இல்லை என்றால் 'பூட்டியிருந்தது' என்று குறியுங்கள். எங்கே, எப்போது போனார்கள் என்பதை மட்டும் பாட்டியிடம் கேட்டு எழுதலாம். அந்த வீட்டுக்குப் பதில் இன்னொரு வீடு வேண்டாம்.

அப்புறம், மெயின் ரோட்டில் இருந்து எண்ணத் தொடங்கி, ஐம்பது வீடு சேர்ந்ததும் கிளம்பிவிடுவது. ஊருக்கு வெளியே இருக்கும் காலனிக்குக் கால் போகவே போகாது. ஊரையும் காலனியையும் முதலிலேயே தனித்தனியாகப் பட்டியல் போட்டு, வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இரண்டிலும் எடுக்க வேண்டும்.

வீட்டில் யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதித்த மாவட்டம் இது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். தண்ணீரைப் பற்றித் திண்ணையில் இருக்கும் ஆணிடம் கேட்டால், "ஒழுங்கா வருதுங்க" என்று முடித்துவிடுவார். குழாய் வராத நாளில் சமையலுக்கு போர் தண்ணீர் எடுத்தார்களா என்பது குடம் தூக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும்.

விடுபட்டவர்களுக்காகப் பிறகு கணக்கில் எடை போட்டு, அதாவது குறைவாகச் சேர்ந்த தரப்பினரின் பதிலுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்து, சரிசெய்யும் முறை உண்டு. ஆனால் காலனியில் ஒருவரையும் கேட்காதபோது எதற்கு எடை போடுவது? அறிக்கையின் முதல் பக்கத்திலேயே தேர்ந்தெடுத்த வீடுகள் எத்தனை, பூட்டியிருந்தவை எத்தனை, பேச மறுத்தவை எத்தனை என்று போட்டுவிடுங்கள்.